தெப்பக்குளத்தில் விட்ட பள்ளத்தி

எங்கள் வீட்டில் காப்பிக்குக் கருப்பட்டியை நேரே போடுவது கிடையாது. ஓலைத் துணுக்கும் மணலும் கிடக்கும் என்று அம்மை அதைத் தட்டி, ஒரு கிண்ணம் வெந்நீரில் ஊறப்போட்டு, கரைந்த பிறகு துணியில் வடித்துத்தான் சேர்ப்பாள். நேற்றுக் காலையில் அப்படி ஊறிக்கொண்டிருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டேன். கட்டியின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறம் ஒரு நூலாகப் பிரிந்து, கீழே இறங்கி, அடியில் கொஞ்சநேரம் படுத்துக் கிடந்துவிட்டு, மெல்ல மேலே ஏறியது. கூடவே அந்த மணம். எனக்குக் காப்பி வேண்டாம் என்றேன்.

"லேபுல என்னத்தையெல்லாமோ குப்பியில வச்சுப் பாத்துட்டு வருவா. வீட்டுல கருப்பட்டித் தண்ணியப் பாத்தா இவளுக்கு ஓங்கரிக்கும்" என்றாள் அம்மை, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

ஓங்கரிப்பெல்லாம் இல்லை. நான் அப்படிப்பட்டவளும் அல்ல. காலை எட்டு மணிக்கே அடுத்தவர் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கை கழுவி, கொண்டுபோன இட்லியைத் தின்கிறவள். கருப்பட்டி கரைவதை மட்டும் பார்க்க முடிவதில்லை. ஏன் என்று அம்மையிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தமும் மற்றதும் சோதிக்கிற வேலை எனக்கு. திருவனந்தபுரத்தில் அதற்கென்று படித்துவிட்டு வந்து, சேர்ந்த புதிதில் நடந்தது இது. சுசீந்திரத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். அப்போது ஆஸ்பத்திரிப் பலகை மலையாளத்தில் இருந்தது. இந்த ஐப்பசியில் நாங்கள் மதராஸோடு சேர்ந்த பிறகு, அதற்கு வெள்ளையடித்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நடந்து நான்கைந்து வருஷந்தான் ஆகிறது. வேறொரு ராஜ்யத்தில் நடந்தது போல இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அதுவும் சரிதான்.

லேபு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் வார்டின் வராந்தாவை ஒட்டி ஒரு நீள அறை. எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனசு அடங்கும்; கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால்கூட இலையின் இடது ஓரத்திலிருந்து என்னென்ன வைத்தார்கள் என்று முறையாகச் சொல்லுவேன். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். வாசலிலிருந்து வலமாக: கை கழுவும் தொட்டி, ஸ்பிரிட் விளக்கு, குப்பி அலமாரி, மைக்ராஸ்கோப்பு, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு தராசு. அது மூச்சுப் பட்டாலே ஆடும். கடைசியாக, கம்பியில்லாத ஓர் அகலமான ஜன்னல். வார்டிலிருந்து சோதனைக்கு வருகிற குப்பிகளை வராந்தாவில் நின்றபடி அதன் வழியாகத்தான் என்னிடம் நீட்டுவார்கள். ஜன்னல் படியில் ஒரு கண்ணாடித் தொட்டி.

தொட்டி வாங்கியது தவளைகளுக்காக. ஒரு பெண் உண்டாகியிருக்கிறாளா என்று சந்தேகம் வந்தால் அன்றைக்குத் தவளைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்லும் என்ற விவரம் வேண்டாம். தவளைக்கு ஊசி போட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் படிப்புக்காக எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த பட்டம் 'தவளை டாக்டர்'. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் இதைக் கேட்டுவிட்டுச் சொல்லாமல் எழுந்து போனார்கள். அம்மை இன்றைக்கும் அதைத் தவளைகளின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

தவளை கொண்டுவருகிறவர் தேரூர்க்காரர். வாயகன்ற கலயத்தில் கொஞ்சம் தண்ணீரோடு கொண்டுவந்து தொட்டியில் கவிழ்ப்பார். ஒருநாள் அப்படிக் கவிழ்த்தபோது தவளைகளோடு ஒரு மீனும் விழுந்தது.

"இது எப்பிடியோ கலயத்துக்குள்ள கேறிட்டு" என்றார். "சீக்குப் பிடிச்ச பள்ளத்தி. தூரப் போட்டிருங்க, பூனைகூட தின்னாது."

பள்ளத்தியை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளங்கையில் பாதிதான் இருக்கும், தட்டையாக, மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த நிறத்தில். விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. எங்கள் பக்கத்து ஓடைகளிலும், ஆறு கடலில் சேர்கிற பொழிமுகங்களிலும் கிடக்கும். நல்ல பள்ளத்தி தண்ணீரில் திரும்பினால், தேய்த்து வைத்த வெண்கலத் தட்டை வெயிலில் திருப்பியது போல இருக்கும். இது அப்படி இல்லை. வயிறு உள்ளே ஒட்டிப் போயிருந்தது. முதுகு கத்தி முனை மாதிரி. உடம்பு வற்றியதால் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. துடுப்புகளை மடக்கி ஒரு மூலையில் நின்றது. வால் அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று ஒட்டியிருந்தது.

இரக்கப்பட்டு வைத்துக்கொண்டேன் என்றால் அது பொய். அந்தப் பஞ்சை மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஊசி முனையால் ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். நூல் நூலாகக் காளான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு உயிரின் சீக்கை இத்தனை கிட்டத்தில் பார்த்த பிறகு அதைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டக் கை வரவில்லை. தவளைகளை ஒரு மண்பானைக்கு மாற்றினேன். தொட்டி பள்ளத்திக்கு.

அதைப் பார்த்த எங்கள் டாக்டரம்மா, "கொள்ளாமே, நல்லாருக்கே! இனி மீனுக்கும் ஒரு சீட்டுப் போடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

வைத்தியத்தை மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். முதலில் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை எடுத்ததும் விடக் கூடாது. ஒருநாள் வெளியில் வைத்துத் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகு, பழையதில் ஒரு பங்கை மட்டும் இறைத்துவிட்டு, சேர்க்க வேண்டும். மொத்தமாக மாற்றினால் சீக்கு மீன் அதிர்ந்துபோகும். அடுத்தது உப்பு. காளானுக்கு உப்பு ஆகாது. பள்ளத்திக்கோ உவர்த் தண்ணீரும் பழக்கம். காலையில் வந்ததும் ஒரு சிட்டிகைக் கல்லுப்பைத் தனியே கரைத்து ஊற்றுவேன். கடைசியில் சாப்பாடு. அதுதான் பாடு. சோற்றுப் பருக்கை போட்டால் கிடந்து தண்ணீரைக் கெடுக்கும். முட்டை மஞ்சள் கருவைக் கடுகளவு போட்டேன், வாயில் எடுத்துத் துப்பியது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் நெளிகிற கூத்தாடிப் புழுக்களை, கொசு ஆகும் முன்னால் வடிகட்டியில் அள்ளிக்கொண்டு வந்தேன். படித்த பெண் காலையில் முதல் வேலையாகக் கொசுப்புழு அள்ளுகிறாள் என்று வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

புழுவையும் அது தின்னவில்லை. முன்னால் நெளிகிறதைப் பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"எக்கா, அதுக்கு என்ன சீக்கு?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். ஆண்பிள்ளைச் சட்டை. ஒட்ட வெட்டிய தலை. கழுத்தின் இரண்டு பக்கமும் பாக்குப் பாக்காகக் கட்டிகள். கண்டமாலை, கழுத்தில் வருகிற க்ஷயம்.

"மெலிஞ்சு போச்சு. ஒண்ணும் தின்ன மாட்டேங்கு" என்றேன்.

"நானும்தான்" என்றாள். ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டது போல இருந்தது அவள் சொன்னது.

அவள் பெயர் லீலா. பத்து வயதிருக்கும். வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் பனைகளுக்கு நடுவே வீடு. அப்பா பனையேறுகிறவர், அம்மா செல்லத்தாய் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுகிறவள். அய்யாவழிக் குடும்பம். லீலாவின் கட்டில் வராந்தாவில் என் ஜன்னலை ஒட்டித்தான். தினமும் ஊசி, அதற்கு அழமாட்டாள். சாப்பாடுதான் சண்டை. விழுங்கினால் கழுத்து வலிக்கும் என்று கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவாள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் ஊசி மட்டும் என்ன செய்யும் என்று டாக்டரம்மா செல்லத்தாயிடம் சத்தம் போடுவார். செல்லத்தாய் மகளிடம் கெஞ்சுவாள்.

"ஏ மக்கா, ஒரு வாய் குடி. எனக்க பொன்னுல்லா. ஒரே ஒரு வாய்."

"நீதானே நேத்தும் ஒரே ஒரு வாய்னு சொன்ன? அந்த ஒரு வாய் இன்னும் தீரல்லியா?"

கஞ்சியைவிட மோசம் மீன் எண்ணெய். உடம்பு தேற வேண்டும் என்று வார்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையில் ஒரு கரண்டி உண்டு. என் தொட்டியில் பள்ளத்தி வந்த பிறகு லீலா அதற்குப் புதிதாக ஒரு நியாயம் கண்டுபிடித்தாள்.

"இது மீனுக்க எண்ணெயாக்கும். அது பாத்துட்டு இருக்கும்போ எப்பிடிக் குடிக்க?"

செல்லத்தாய் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். கடைசியில் நான் என் கைத்துண்டை எடுத்துத் தொட்டியைச் சுற்றி மூடினேன்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு."

"அதுக்கு மணம் தெரியாதா?"

"தண்ணிக்குள்ள தெரியாது" என்றேன். மீனுக்கு மோப்பம் உண்டு என்று படித்தவள்தான் நான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அதிலிருந்து தினமும் எண்ணெய் நேரத்துக்குத் துண்டு போடுவது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. குடித்து முடித்து, வாய் துடைத்து, தண்ணீர் குடித்து, ஊதிப் பார்த்த பிறகுதான் துண்டை எடுக்கலாம். நடுவில் எடுத்தால் கோபம் வரும்.

சாப்பாட்டுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. "அது தின்னுச்சுன்னா நான் தின்னுகேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சரி என்றேன். பிறகு பார்த்தால் செல்லத்தாய் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து ஜன்னலில் நின்று மீனின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீன் செத்துப்போனால்?

அன்றிலிருந்து நான் பள்ளத்தியைப் பார்த்த பார்வையே வேறு. புழுவை அள்ளிப் போடாமல், ஒன்றே ஒன்றைக் குழாயில் எடுத்து அதன் வாய்க்கு நேரே விட்டேன். திரும்பிக்கொண்டால் அதை எடுத்துவிட்டு அடுத்தது. உப்பு வேலை செய்திருந்தது. வாலடிப் பஞ்சு சுருங்கி உதிர ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் பள்ளத்தி மூலையை விட்டு ஒரு விரற்கடை முன்னால் வந்தது. நெளிகிற புழுவை ஒரு கண்ணால் பார்த்தது. லபக்கென்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் சத்தம் கேட்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எனக்குக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தோம். மீன் துப்பவில்லை.

"அம்மோ, கஞ்சி கொண்டா!"

செல்லத்தாய் ஓடினாள். கிண்ணம் அவள் கையில்தான் இருந்தது. அதை மறந்துவிட்டு வார்டுக்குள் ஓடி, பாதி வழியில் நின்று, தன் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். லீலா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்தால் கழுத்து வலிக்கும், பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு எடைச் சண்டை. வாரத்துக்கொரு நாள் வார்டில் பிள்ளைகளை நிறுப்பார்கள். "என்னை நிறுக்குதாவல்லா, அதை ஏன் நிறுக்கல்ல?" என்று கேட்டாள். நியாயந்தானே? பீக்கரில் தண்ணீர் வைத்துத் தராசில் நிறுத்து, அதற்குள் மீனை விட்டு மறுபடி நிறுத்தேன். அதுவரை உப்பும் மருந்தும் மட்டுமே ஏறியிருந்த தராசு. மீன் வாலை ஒரு தடவை அசைத்தால் முள் ஆடும். அது அடங்கும் வரை லீலா "சும்மா நில்லுட்டி" என்று மீனை அதட்டுவாள். ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கூடியது. அவளும் கொஞ்சம் கூடினாள். பள்ளத்திக்கு நிறம் திரும்பியது. காலையில் நான் ஜன்னலைத் திறந்தால் என்னைக் கண்டு முன்னால் வரும்.

இதற்கெல்லாம் நடுவே நான் கவனித்தும் கவனிக்காத ஒன்று உண்டு. காலையில் நான் உப்பைக் கரைத்து ஊற்றும்போது செல்லத்தாய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாளும் தவறியதில்லை. படித்த பெண்ணின் மேல் மரியாதை என்று நினைத்தேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. உடம்பில் கட்டியோ மருவோ வந்தால், கோயில் குளத்தில் உப்பையோ வெல்லத்தையோ கரைப்பார்கள். இது கரைகிறது போல அதுவும் கரையட்டும் என்று நேர்ச்சை. நான் சின்ன வயதில் கால் மருவுக்காக அப்படிக் கரைத்திருக்கிறேன். எங்கள் ஊர்த் தெப்பக்குளத்துப் படியில் நின்று வளர்ந்தவள் நான். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டதும் அதெல்லாம் என் ஞாபகத்துக்கு வரவில்லை. அய்யாவழியில் இந்த மாதிரி நேர்ச்சைகள் வழக்கமில்லை. செல்லத்தாய்க்குப் பக்கத்துக் கட்டிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

லீலாவின் இடது பக்கத்துக் கட்டி பழுத்துவிட்டது. நாளைக் காலையில் கீறிச் சீழ் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். கழுத்தில் கத்தி என்றதும் செல்லத்தாய்க்கு முகத்தில் ரத்தம் இல்லை. அன்றைக்கு மத்தியானம் நான் ரத்தம் எடுப்பதற்காக ஆண்கள் வார்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் உறங்குகிற நேரம்.

திரும்பி வந்து லேபுக் கதவைத் திறந்ததும் மணம் அடித்தது. ஸ்பிரிட், பினாயில் இரண்டுக்கும் மேலே, எங்கள் வீட்டு அடுக்களை மணம். தொட்டித் தண்ணீர் பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. அடியில் பெரிய பெரிய கருப்பட்டித் துண்டுகள், இன்னும் நூல் விட்டுக் கரைந்துகொண்டு. பள்ளத்தி மேலே வந்து, உதட்டைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூச்சுக்கு அலைந்தது.

எடுத்துப் பீக்கரில் போட்டேன். பழகிய தண்ணீர் இருந்த வரை ஊற்றினேன். காற்றுக் கலக்கட்டும் என்று கரண்டியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். செவுள் வேகமாக அடித்தது, பிறகு விட்டு விட்டு. சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாகும்போது விலாப் பொட்டு மேலே வந்துவிட்டது. அப்புறம் திரும்பவில்லை.

"செத்துட்டா எக்கா?"

லீலா கட்டிலில் முட்டுப்போட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியாது. நான் ஆமாம் என்றேன். அவள் அழப்போகிறாள், இனிச் சாப்பிடமாட்டாள் என்று என் மனசு அடுத்தடுத்து வரிசை போட்டது. அவள் முதலில் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மைட்ட சொல்லாண்டாம்."

"ஏன் மக்கா?"

"அவதான் போட்டா. நான் உறங்குகேன்னு நெனச்சா. கட்டி கரையணும்னு போட்டா. நீங்க தெனமும் உப்பு கரைக்கது எனக்காண்டிதானாம். அதனாலதான் நான் தேறுகேனாம். உப்பு மட்டும் போதாது, நம்ம வீட்டுலேருந்தும் ஒண்ணு கரைக்கணும்னு சொல்லிச் சொல்லிப் போட்டா." மறுபடி வார்டுப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "மீனு செத்துட்டுன்னு கேட்டா அவ என்ன நெனப்பா?"

நான் கையில் பீக்கரோடு நின்றேன். நேர்ந்துகொண்ட தண்ணீரில் மீன் செத்தது. நாளைக்கு மகளுக்குக் கத்தி. செல்லத்தாய் என்ன நினைப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"கொளத்துல விடக் கொண்டுபோறேன்னு சொல்லுங்க" என்றாள். "சீக்கு மாறிட்டுல்லா, அதனால விடப்போறோம். உங்க ஊரு தெப்பக்கொளத்துல. அங்கேன்னா யாரும் பிடிக்க மாட்டாவ."

பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்பதுதான் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. சூடுதண்ணீர்ச் செம்போடு செல்லத்தாய் வராந்தாவில் வந்துகொண்டிருந்தாள். நான் கைத்துண்டை எடுத்துப் பீக்கரை மூடினேன். எண்ணெய் நேரத்துத் துண்டுதான்.

"மீனு எங்க அம்மா?" மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துவிட்டுச் செல்லத்தாய் கேட்டாள்.

"நல்லாயிட்டு, செல்லத்தாயி. தெப்பக்குளத்துல விடக் கொண்டுபோறேன்."

"நல்லாயிட்டா? நெசமாட்டா?"

"அம்மோ, அது நல்லா துள்ளுது. துண்ட எடுத்தா வெளிய சாடிரும்" என்றாள் லீலா.

செல்லத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, துண்டின் மேல் மெதுவாக உள்ளங்கையை வைத்தாள். பீக்கர் ஆடாமல் இருக்க நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கண் நிறைந்து வழிந்தது. "அய்யா" என்றாள், அவ்வளவுதான். லீலா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சொன்னது பாதியாவது உண்மையாகட்டும் என்று இறங்கித் தெப்பக்குளம் வரை போனேன். படியில் நின்றேன். செத்ததைக் கோயில் தண்ணீரில் விடுவதற்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடித் தென்னை மூட்டில் புதைத்தேன்.

மறுநாள் கட்டியைக் கீறினார்கள். லீலா என் பக்கம் திரும்பாமலே கஞ்சி முழுவதையும் குடித்தாள். எண்ணெய் வந்தபோது வழக்கம் போல என் கை துண்டைத் தேடியது.

"இனி மூடாண்டாம்லா" என்றாள். மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள்.

அப்படியே சாப்பிட்டாள், நாள் தவறாமல். மீன் இல்லாமல், ஒப்பந்தம் இல்லாமல். புண் ஆறியது. எடையும் ஏறியது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. பிறகு ஒரு வாரம் தலைவலி என்று படுத்தே கிடந்தாள். வெளிச்சம் பட்டால் முகத்தைச் சுளித்தாள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து, குப்பியை ஜன்னல் வழியாக என்னிடம்தான் நீட்டினார்கள். பார்க்கத் தெளிந்த தண்ணீர். அதை ஆடாமல் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டது என்றால் உள்ளே சிலந்தி நூல் போல ஒன்று தொங்கும். தொங்கியது. கண்டமாலை மூளைக்கு ஏறிவிட்டது என்று பொருள். பார்த்ததை எழுதினேன்.

பங்குனி பிறக்கும் முன் லீலா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செல்லத்தாயைப் பார்த்தது சில மாதங்கள் கழித்து. மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன், தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பொரிப் பொட்டலம். ஒவ்வொரு பிடியாக எடுத்து, விரலைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறாள். மீன்கள் கூடி வாயைத் திறந்துகொண்டு மோதுகின்றன.

"எங்க ஆளுகளுக்கு இதெல்லாம் வழக்கமில்ல" என்றாள், என்னைக் கண்டதும் முதல் வார்த்தையாக. "அவரு அறிஞ்சா ஏசுவாரு. நாரோயில்ல சந்தைக்கு வந்தேன். போகும்போ எறங்கினேன்." பிறகு கேட்டாள்: "நம்மது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"இருட்டிட்டு வருது. இனி மேல வராது, செல்லத்தாயி."

"பொட்டு இருக்கும்லா. எனக்குத் தெரிஞ்சுரும்." இன்னொரு பிடி போட்டாள். "பெரிசாயிருக்கும், இல்லியா?"

"ஆயிருக்கும்."

"எனக்க பிள்ளயத் தெனமும் பாத்துகிட்டே கெடந்த கண்ணுல்லா அதுக்கு. அதுக்கும் உங்களுக்கும். அதான் வாறேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னிடமும் கொஞ்சம் பொரி தந்தாள். போட்டேன்.

அப்புறம் அந்தப் படியில் அவளைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எப்போதும் அதே கேள்விகள். எப்போதும் என்னிடமிருந்து அதே பதில்கள். ஒரு தடவை பொட்டுள்ள ஒன்றைக் கண்டுவிட்டதாகச் சொன்னாள். நான் ஆமாம், அதுதான் என்றேன். எனக்குக் கண் பார்வை நல்ல கூர்மை. மைக்ராஸ்கோப்பு பார்க்கிற கண். அங்கே கெண்டைகள்தான் இருந்தன.

இன்றைக்கு லேபில் அந்த ஜன்னல் இல்லை. தூசி வருகிறது என்று செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்; குப்பிகளை இப்போது வாசல் வழியாகக் கொண்டுவருகிறார்கள். தொட்டியில் பஞ்சுச் சுருள் அடுக்கியிருக்கிறது. தேரூர்க்காரர் வருவதில்லை. கண்டமாலைப் பிள்ளைகளுக்கு ஊசியோடு மாத்திரையும் வந்துவிட்டது, பலபேர் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். அது லீலாவுக்குக் கிடைத்திருந்தால் என்று நான் எழுதமாட்டேன். வராந்தாவில் அவள் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

போன ஆடிக்குப் பிறகு செல்லத்தாயையும் காணவில்லை. வட்டக்கோட்டைப் பக்கமிருந்து சோதனைக்கு வந்த ஒருவரிடம் கேட்டேன். அவர்கள் பனையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மலையோரத்தில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்களாம். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு வருகிற பஸ் பாதையில் சுசீந்திரம் இல்லை. பள்ளத்தி நல்ல தண்ணீரில் இருந்தாலும் நான்கைந்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்காது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். இனி அது வேண்டியதில்லை.

ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கினால் கால் அந்தப் பக்கமாகவே போகிறது. நேற்று மாலையும் போனேன். பார்த்ததை எழுதுகிறேன். தண்ணீர் பச்சையாக இருந்தது. கரையோரம் கெண்டைகள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பொரி மிதக்கவில்லை. படியில் யாரும் இல்லை.